தேர்வும் தெளிவும்

காலை வேளையில் அம்பத்தூரிலிருந்து ஆவடி, இந்துக் கல்லூரி நிலையங்களை நோக்கிச் செல்லும் புறநகர் ரயிலில் ஏறினால், தேர்வுக் காலத்தை நாட்காட்டி பாராமலே அறியலாம். அரட்டை அடங்கியிருக்கும், உதடுகள் மட்டும் அசையும். கண் குறிப்பேட்டில் இருந்தாலும் கருத்து எங்கோ அலையும்.

எங்கள் மகளும் அக்கூட்டத்தில் ஒருத்தியாக இருந்தாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, புள்ளியியல் தேர்வு. முந்தின இரவு எங்களிடம் பிழையின்றி ஒப்புவித்த சூத்திரங்கள், வினாத்தாளைக் கண்டதும் மறந்துபோயினவாம். அத்தாளில் அவள் தேறவில்லை. "இன்னும் கொஞ்சம் படித்திருக்கலாமே" என்றோம். ஆறுதல் சொன்னதாகவே நினைத்தோம். அதன்பின் அவள் படிக்கும் நேரம் கூடிற்று, உணவும் உறக்கமும் குறைந்தன, பேச்சு நின்றது.

குறை உழைப்பில் இல்லை என்பதைப் பிந்தியே உணர்ந்தோம். சிறிதளவு பதற்றம் விழிப்பைத் தரும். மிகுந்தாலோ, கணக்கிடும்போது எண்களை ஏந்த வேண்டிய மன இடத்தைக் கவலையே அடைத்துக்கொள்ளும். 2011-இல் ரமிரெஸ், பைலாக் என்னும் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் ஓர் எளிய வழியைச் சோதித்தனர். தேர்வுக்குமுன் பத்து நிமிடம் தம் அச்சங்களைத் தாளில் எழுதிய மாணவர்கள், அவர்களுள்ளும் அச்சம் மிகுந்தவர்கள், அவ்வாறு எழுதாதவர்களைவிட நன்கு தேர்வெழுதினர். அடக்கிவைத்த அச்சம் இடத்தை அடைக்கிறது. வெளியே வந்த அச்சம் வழிவிடுகிறது.

அரியர் தேர்வுக்கு முந்தின மாலை, "படித்துவிட்டாயா?" என்று கேட்கவில்லை. "எதற்கம்மா அஞ்சுகிறாய்?" என்றோம். நெடுநேரம் பேசாதிருந்தாள். பிறகு, "அப்பா ஓவர்டைம் செய்துதானே பணம் கட்டினார். மறுபடியும் தோற்றால் உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?" என்றாள்.

தொழிற்பேட்டையில் இரவுகள் விழித்து ஈட்டிய பணம் அவள் தோளில் சுமையாக ஏறியிருந்தது. அவள் அஞ்சியது வினாத்தாளுக்கு அன்று, எங்களுக்கு! "நீ தோற்றாலும் எங்கள் மகள்தான்" என்பதைச் சொல்லாமலே தெரிந்திருக்கும் என்று இருந்துவிட்டோம். அன்று வாய்விட்டுச் சொன்னோம்.

மறுநாள் காலை ரயிலுக்குமுன் ஒரு தாளில் ஏதோ எழுதி மடித்துவைத்தாள். நாங்கள் பிரித்துப் பார்க்கவில்லை. தேறினாள், மதிப்பெண் பெரிதன்று. அன்று மாலை நெடுநாளைக்குப்பின் வயிறார உண்டாள்.

உறக்கமின்மையும் மௌனமும் நீடித்தால் மருத்துவரை நாடத் தயங்கலாகாது. 2022-இல் தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் இலவச எண் 14416, தமிழிலும் பேசலாம். ஆனால், அதற்கு முன்பே கேட்கவேண்டிய செவிகள் நம் வீட்டில் இருக்கின்றன அல்லவா?