சடில்வேர்த் மலைச்சாரலில் ஓர் இசைமாலை

இங்கிலாந்து என்றதும் இலண்டன் மாநகரையும் அரண்மனைக் காவலரையும் எண்ணுவோரே நம்மிற் பலர். அந்நாட்டின் வடபால், மான்செஸ்டர் நகருக்குக் கிழக்கே, பெனைன் மலைத்தொடரின் சரிவிலே, கரியேறிய கல்வீடுகளும் செம்மறிகள் மேயும் புற்றரைகளுமாகக் கிடக்கும் சடில்வேர்த் என்னும் சிறு பிரதேசத்தை அறிந்தோர் மிகச் சிலரே. டெல்ஃப், டொப்குரொஸ், அப்பர்மில், டிகில் என அங்குள்ள ஊர்கள் யாவும் சிறியவை. ஆயினும், பெந்தெகொஸ்தே ஞாயிற்றை அடுத்து வரும் வெள்ளிக்கிழமையன்று, நூற்றுக்கு மேற்பட்ட பித்தளை வாத்தியக் குழுக்கள் அச்சுற்றுவட்டாரத்தில் வந்து குவிகின்றன. உள்நாட்டார் மட்டுமல்லர்; கடல் கடந்து வருவோரும் அவருள் உளர்.

ஓல்ட்ஹம் நகரில் வாழும் நண்பர் ஒருவர் அழைத்ததன்பேரில் நானும் ஓராண்டு அவ்விழாவுக்குச் சென்றிருந்தேன். காலையில் தேவாலயத்தார் கொடி பிடித்து ஊர்வலம் வருவர். மாலை நான்கு மணியளவிற் போட்டிகள் ஆரம்பமாகும். 1884ஆம் ஆண்டு தொட்டு நடந்துவரும் இப்போட்டிக்கு ஒரே களம் என்பது கிடையாது. ஊருக்கு ஊர் தனித்தனிப் போட்டி, தனித்தனிப் பரிசு. ஒரு குழு ஓர் ஊரில் வாசித்து முடித்ததும் பஸ் வண்டியில் ஏறி அடுத்த ஊருக்கு விரையும். இரவு பதினொரு மணிவரையில் எத்தனை ஊர்களிலே வாசிக்கலாமோ அத்தனையிலும் வாசிப்பர்.

டொப்குரொஸ் சந்தியிலே, ஒரு மதிலோரமாக நாங்கள் இடம் பிடித்துக்கொண்டோம். ஒவ்வொரு குழுவும் ஒடுங்கிய வீதியில் வாசித்தபடியே நடந்து வரும். பின்னர் ஓரிடத்தில் நின்று வேறோர் அணிநடை இசையை வாசிக்கும். பாடசாலைக் கிரிக்கெட் போட்டிகளில் முழங்கும் பாப்பரை வாத்தியத்தையே கேட்டுப் பழகிய என் செவிக்கு, அந்த நாதத்தின் மென்மை பெரும் வியப்பாயிருந்தது. நடுவரைக் கண்களால் தேடினேன். சாளரங்களையெல்லாம் திரையிட்டு மறைத்த ஒரு வண்டிக்குள் அவர் அமர்ந்திருப்பதாக நண்பர் கூறினார். வாசிப்பவர் எவர், எவ்வூரார் என்பதை அவர் அறியலாகாதாம். காதை மட்டும் நம்பித் தீர்ப்பளிக்க வேண்டுமாம். நம்மவர் போட்டிகள் சிலவற்றுக்கும் இப்படியொரு திரை இருந்தால் நன்றாயிருக்குமே என்று எண்ணிக்கொண்டேன்.

அடுத்து வாசிக்கவேண்டிய குழு நோர்வேயிலிருந்து வந்த இளைஞர் குழு. அவர்களிடையே ஏதோ கலக்கம் தென்பட்டது. யூபோனியம் என்னும் பெருவாத்தியத்தை ஊதும் இருவரில் ஒருவர் காய்ச்சலாற் படுத்துவிட்டார். செய்தி கூட்டத்தினுள் பரவியது. எங்களருகே நின்ற முதியவர் ஒருவர், தாம் வருவதாகக் கையுயர்த்தினார். இளமையிலே கம்பளி ஆலையில் வேலை செய்தவர் அவர்; ஆலை எப்போதோ மூடப்பட்டுவிட்டது. ஐம்பது ஆண்டுகளாக அவர் ஊதி வந்தது பரிட்டோன் என்னும் வேறொரு வாத்தியம். இதென்ன துணிச்சல் என்று நான் திகைத்தேன். நண்பரோ சிரித்தார்.

அவர் தந்த விளக்கத்தை நேயர்களுக்கும் கூறவேண்டும். இத்தகைய போட்டிக் குழுவில் ஊதுவோர் 25 பேர்: கோர்னெற் 10, புளூகல்ஹோர்ன் 1, டெனர்ஹோர்ன் 3, பரிட்டோன் 2, யூபோனியம் 2, ரொம்போன் 3, பேஸ் 4. இவற்றுடன் தாள வாத்தியங்களும் சேரும். குழல், கிளாரினெற் முதலியவற்றுக்கு இங்கு இடமில்லை. பேஸ் ரொம்போன் ஒன்றைத் தவிர, மிகச் சிறிய கோர்னெற் முதல் மிகப் பெரிய பேஸ் வரை எல்லாவற்றுக்கும் ஸ்வரங்களை ஒரே முறையிலேயே எழுதுவர். ரொம்போன் நீங்கலான மற்றவற்றில் விரல் வைக்கும் முறையும் ஒன்றே. ஆகவே ஒன்றைக் கற்றவர் மற்றொன்றைத் தூக்கினால், உதடு சற்றுத் தடுமாறலாம், விரல் தடுமாறாது. நோர்வேயிலும் சுவிற்சர்லாந்திலும் நியூசிலாந்திலும் இவ்வகைக் குழுக்களில் இதே ஆசனங்கள்தாம். ஆலையிலும் சுரங்கத்திலும் உழைத்துவிட்டு இரவிலே பயின்ற தொழிலாளர்க்கு இந்த ஒழுங்கு பெரும் உதவியாயிற்று.

அவ்வொழுங்கு உலகெங்கும் பரவியதற்கு அச்சுக்கும் கப்பலுக்கும் நன்றி கூறவேண்டும். லிவர்பூல் நகரின் ரைற் அன்ட் ரவுண்ட் போன்ற பதிப்பகத்தார், சந்தா செலுத்திய குழுக்களுக்குப் புதிய இசைத்தாள்களைக் கட்டுக்கட்டாகத் தபாலில் அனுப்பினர். மான்செஸ்டருக்கு அண்மையிலுள்ள பெசஸ் ஓ த பாண் என்னும் குழு 1906இற் புறப்பட்டு, அமெரிக்கா, நியூசிலாந்து, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளிலெல்லாம் வாசித்துத் திரும்பியது. 1978இல் ஐரோப்பியப் போட்டி தொடங்கியது. ஆசிரியர் நாட்டை மாணவர் வெல்லும் காலமும் வந்தது: 1988இல் நோர்வேயின் ஐகாங்கர்-பியோர்ஸ்விக் குழு அதில் முதலிடம் பெற்றது.

இதற்கிடையே தாய்நாட்டில் ஆலைகளும் சுரங்கங்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. யோர்க்ஷயரின் கிறைம்தோர்ப் நிலக்கரிச் சுரங்கம் மூடப்படுமென 1992 ஒக்டோபரில் அறிவித்தார்கள். அதே மாதத்தில் அச்சுரங்கத்தின் வாத்தியக் குழு தேசியப் போட்டியில் வென்றது. மறு ஆண்டு சுரங்கம் மறைந்தது. குழு மறையவில்லை.

டொப்குரொஸ் சந்திக்குத் திரும்புவோம். நோர்வே இளைஞர் தெரிந்தெடுத்தது ஜோர்ஜ் அலன் இயற்றிய ‘நைற் டெம்ப்ளர்’ என்னும் அணிநடை. ஷில்டன் என்ற ஊரின் இரயில் வண்டித் தொழிற்சாலையில் உழைத்துக்கொண்டே இசை அமைத்த அலன் 1930இல் மறைந்தார். வாத்தியத்திற் பொருத்திய சிறு கவ்வியிலே செருகும் உள்ளங்கையளவு இசைத்தாளை ஓர் இளம்பெண் முதியவரிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கி, பார்க்காமலே சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

குழு நடந்தது. தம்மினும் ஐம்பது வயது இளையவர்களின் வரிசையில், அவர்களுடைய சிவப்புச் சட்டைகளுக்கு நடுவே, தமது பழைய மழையங்கியுடன் அவரும் நடந்தார். மூன்றாவது வீட்டைக் கடக்கும்போது சற்று மூச்சு வாங்கினார். பக்கத்தில் நடந்த இளைஞன் அவ்விடத்தைத் தானே உரத்து ஊதி நிரப்பிக்கொண்டான். இருவருக்கும் ஒருவர் மொழி மற்றவருக்கு அரைகுறை.

வாசித்து முடிந்ததும், வாத்தியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் வீடு திரும்புவார் என்றே எண்ணினேன். டெல்ஃப் கிராமத்துக்குப் புறப்படச் சாரதி ஒலி எழுப்பினார். முதியவர் யூபோனியத்தை மடியில் அணைத்தபடி, பஸ் வண்டியின் முன் ஆசனத்தில் அமர்ந்திருந்தார்.