சிக்னலுக்கும் சிக்னலுக்கும் நடுவே 'வார்ப்'

மின்ஸ்கூட்டர் வாங்குவதென்று முடிவெடுத்து ஆறு மாதங்கள் ஆகின்றன. இன்னும் வாங்கவில்லை. தயக்கத்துக்குக் காரணம் விசைப்பொத்தானுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சொல்: 'வார்ப்'.

சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013இல் தொடங்கிய ஏத்தர் நிறுவனம் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டது. அதன் வண்டிகள் நமது ஓசூரில் உருவாகின்றன. 2018இல் வெளிவந்த 450இல் ஈகோ, ரைட், ஸ்போர்ட் ஆகிய ஓட்டுமுறைகள் இருந்தன. 2020இல் வந்த 450எக்ஸ் அவற்றின் மேல் 'வார்ப்' என்பதைச் சேர்த்தது. அதில் 40 கி.மீ. வேகத்தை எட்ட 3.3 விநாடிகள் போதும் என்பது நிறுவனத்தின் கணக்கு. 2023 ஏப்ரலில் 450எக்ஸின் அடிப்படை வடிவம் தனியாக விற்பனைக்கு வந்தபோது, ஓட்டுமுறைகளைத் தேர்ந்தெடுக்கும் வசதி 'புரோ பேக்' என்னும் கூடுதல் தொகுப்புக்குள் போயிற்று. விலை வேறுபாடு ஏறத்தாழ 30,000 ரூபாய். இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். இன்று விலைகள் மாறியிருக்கலாம், கேள்வி மாறவில்லை. ஒரு மாத உழைப்பை அந்த 3.3 விநாடிக்குக் கொடுக்கலாமா?

முதலில் காலக் கணக்கு. மென்மையான ஓட்டுமுறை ஒன்று 40 கி.மீ. வேகத்தை எட்ட 6 விநாடி எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். வேகம் சீராகக் கூடினால், வார்ப் மிச்சப்படுத்துவது 2.7 விநாடியன்று, அதில் பாதி, ஏறத்தாழ 1.35 விநாடி. இருபது சிக்னல்களைக் கடந்தால் 27 விநாடி. டாம்டாம் நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டுக் கணிப்பின்படி, பெங்களூரின் மையப் பகுதியில் 10 கி.மீ. செல்லச் சராசரியாக 28 நிமிடம் 10 விநாடி ஆகிறது. அதாவது மணிக்கு 21 கி.மீ. வேகம். நாம் சேமித்த 27 விநாடியையும் சில்க் போர்டு சந்திப்பின் ஒரே சிவப்பு விளக்கு விழுங்கிவிடும்.

அடுத்து மின்கலக் கணக்கு. இங்கே என் முன்முடிவு தவறென்று தெரிந்தது. வண்டியும் ஆளுமாக 180 கிலோ எடையை 40 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுவரத் தேவையான இயக்க ஆற்றல் சுமார் 3 வாட்-மணி. மெதுவாக எட்டினாலும் விரைவாக எட்டினாலும் அது மாறாது. மின்னோட்டம் கூடும்போது அதன் இருமடிக்கேற்ப வெப்ப இழப்பு கூடும் என்பது உண்மையே; ஆயினும் 3,700 வாட்-மணி மின்கலத்தில் அந்த வேறுபாடு சிறிது. பெரிய இழப்பு வேறிடத்தில் நேர்கிறது. விரைவாகக் கிளம்புபவர் 40இல் நிற்பதில்லை. 60க்குப் போய், அடுத்த சிக்னலில் பிரேக்கை அழுத்துகிறார். 60இன் இயக்க ஆற்றல் 40இன் இயக்க ஆற்றலைப்போல் இரண்டேகால் மடங்கு. பிரேக்கிடும்போது மின்கலத்துக்குத் திரும்புவது அதில் ஒரு பகுதிதான்.

கணக்குகள் இப்படியிருக்க, ஆசை ஏன் அடங்கவில்லை? மொழியியல் படித்தவனுக்கு இதில் பழகிய ஒன்று தென்பட்டது. துருபெத்ஸ்காயும் யாக்கப்சனும் பேசிய குறியுடைய, குறியற்ற வடிவங்களின் உறவு அது. விரைவுப் பேருந்து வரும்வரை பேருந்து வெறும் பேருந்தாகத்தான் இருந்தது. விரைவு வந்த பிறகே அது 'சாதாரணப் பேருந்து' ஆயிற்று. அதன் வேகம் குறையவில்லை, பெயர்தான் தாழ்ந்தது. வார்ப் வந்ததும் 'ரைட்' அவ்வாறே சாதாரணமாகிவிட்டது. 30,000 ரூபாயில் ஒரு பங்கு, சாதாரணம் என்னும் பெயரிலிருந்து தப்பிக்க நாம் கொடுக்கும் விலை.

இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சென்ற மாதம் ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். அழைத்துவர நண்பரின் மின்ஸ்கூட்டரை இரவல் வாங்கியிருந்தேன். எந்த நிறுவனத்து வண்டி என்பது முக்கியமன்று. தவறு முழுவதும் என்னுடையது. தனியாகப் போகும்போது உச்ச ஓட்டுமுறையில் போய் மகிழ்ந்தவன், அம்மா ஏறியதும் அதை மாற்ற மறந்தேன். பச்சை விளக்கு எரிந்தது, விசையைத் திருகினேன். பக்கவாட்டில் அமர்ந்திருந்த அம்மா பின்னால் சாய்ந்து, என் சட்டையைப் பற்றிக்கொண்டதால் தப்பினார். "ஏம்ப்பா, யாராவது துரத்துறாங்களா?" என்று மட்டும் கேட்டார். வீடு வந்து சேரும்வரை என் கை நடுங்கியது. பெட்ரோல் வண்டியில் இயந்திரத்தின் ஓசை முன்கூட்டியே எச்சரிக்கும். மின்மோட்டாரோ நின்ற நிலையிலிருந்தே தன் முழு முறுக்குவிசையையும் ஓசையின்றித் தந்துவிடுகிறது.

ஆகவே வார்ப் வீணென்று சொல்ல வரவில்லை. சர்வீஸ் சாலையிலிருந்து வெளிவட்டச் சாலையில் நுழையும்போதும், பேருந்தைக் கடந்து முன்செல்லும்போதும் அந்த உந்துவிசை பாதுகாப்பையும் தரக்கூடும். தனியே செல்பவருக்கு அது தரும் களிப்பும் பொய்யன்று. ஆனால் அது நேரத்தை மிச்சப்படுத்தும் என்று நம்பி வாங்குவோர் ஏமாறுவர். தினமும் நெடுந்தொலைவு தனியே செல்பவர் வாங்கலாம். என் பின்னிருக்கையில் பெரும்பாலும் யாரேனும் இருப்பர். எனக்கு அது தேவையில்லை.

அடுத்த வாரம் அடிப்படை வடிவத்துக்கு முன்பணம் கட்டப் போகிறேன். மாற்றுக் கருத்துள்ள நண்பர்கள் எழுதுங்கள். என் கணக்கில் பிழையிருந்தால் திருத்திக்கொள்ள ஒரு வாரம் இருக்கிறது.