வெந்நீர் இறங்கும் வழி

கோயம்புத்தூர். மார்கழி. காலை ஆறு மணி.

குளியலறைக் குழாய் திறந்திருக்கிறது. கீழே நீல வாளி. தண்ணீரில் மருமகளின் கை. விரல்கள் சுருங்குகின்றன. கை முந்தானையில் துடைத்துக்கொள்கிறது, மறுபடி நீள்கிறது.

நிலைப்படியோரம் ஸ்டூலில் பாட்டி. தலையில் எண்ணெய், தோளில் துண்டு.

"வந்துருச்சா கண்ணு?"

"இன்னும் இல்லீங்க அத்தை."

வாளி பாதிக்கு நிறைகிறது. பச்சைத் தண்ணீர். கொல்லைக்குப் போகிறது. செம்பருத்திக்குக் கொஞ்சம், பாத்திரத்துக்கு மீதி. இன்னொரு வாளி வருகிறது. அதில் ஆவி.

மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர். கண்ணாடிக் குழாய்களுக்கு மேல் படுத்திருக்கும் தொட்டியில் நேற்றைய வெயில் இன்னும் சூடாக இருக்கிறது. அங்கிருந்து ஒரு இஞ்ச் பைப். கைப்பிடிச் சுவரைச் சுற்றுகிறது, வடக்குச் சுவரில் இறங்குகிறது, சமையலறையைத் தொட்டுக் குளியலறை சேர்கிறது. 20 மீட்டர். மீட்டருக்கு 400 மில்லிக்கு மேல் பிடிக்கும். இரவெல்லாம் ஆறிப்போய் நிற்கும் 8 லிட்டரும் வெளியேற வேண்டும்.

பத்து மணிக்கு பிளம்பர். பைப்பைத் தடவிக்கொண்டே நடக்கிறார். ஒவ்வொரு எல்போவிலும் நிற்கிறார்.

"ஒரு பாத்ரூமுக்கு எதுக்குங்க இஞ்ச் பைப்? அரை இஞ்ச்ல நேரா இறக்கிடலாம்."

தெற்குச் சுவர் வழியாக 12 மீட்டர். அரை இஞ்ச் சிபிவிசி. உள்ளே நிற்பது ஒன்றரை லிட்டர். ஒரு பெரிய சொம்பு.

ரம்பம் இழுபடுகிறது. பசை டப்பா திறக்கிறது. முனை நனைகிறது, சொருகுகிறது, கால் திருப்பு திரும்புகிறது. பிளம்பரின் கை அப்படியே பிடித்து நிற்கிறது. பைப் மேல் கறுப்பு நுரை உறை ஏறுகிறது. இரவு முழுக்கச் சூட்டைக் காக்காது. பாட்டி குளித்து அடுத்தவர் வரும்வரை காக்கும்.

பசை காயக் காத்திருக்கிறார்கள். காபி வருகிறது. வீட்டுக்காரர் பணத்தை எண்ணுகிறார்.

தரையில் பைப் துண்டு ஒன்று மிச்சம். மருமகள் அதை எடுக்கிறாள். குளியலறைச் சுவரில் வைத்துப் பார்க்கிறாள்.

"இதுக்கு அந்தப் பக்கந்தாங்கண்ணா பாத்திரம் கழுவற தொட்டி. அதுக்கும் பழைய லைன்லதான் வருதுங்க."

வீட்டுக்காரர் எண்ணுவதை நிறுத்துகிறார். பிளம்பர் சுவரைத் தட்டிப் பார்க்கிறார்.

"ஒரு டீ போட்டா போதுங்க. ஒரே ஓட்டைதான்."

ஸ்டூலிலிருந்து பாட்டி:

"போட்ரு சாமி. நாளெல்லாம் தண்ணிலயே நிக்கறவ அவதான்."

பிளம்பர் காபி டம்ளரை ஜன்னல் மேல் வைத்துவிட்டு டிரில்லை எடுக்கிறார்.