ஐந்தாவது சில்லு

எங்கள் உணவகத்து முதலாளி அண்ணை போன வருடம் ஒரு மொறிஸ் மைனர் வாங்கினார். ஸ்காபரோவில் இருபது வருடம் கொத்துறொட்டி விற்று மிச்சம் பிடித்த காசு. வீட்டுக்காரிக்குச் சொல்லப் பயந்து, மூன்று நாள் கடைக்குப் பின்னால் தார்ப்பாயால் மூடி வைத்திருந்தார். நான்காம் நாள் அக்கா குப்பை கொட்ட வந்தபோது பிடிபட்டுப் போனார்.

1948இல் இங்கிலாந்தில் பிறந்த கார் அது. அலெக் இசிகோனிஸ் வரைந்தது. பிறகு மினி காரை வரைந்தவரும் அவர்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் அதன் உற்பத்தி நின்றுபோனது. யாழ்ப்பாணத்தில் அந்தச் செய்தியை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. 1990க்குப் பிறகு பெற்றோல் தடைப்பட்டபோது, ஸ்ராட் பண்ண மட்டும் சொட்டுப் பெற்றோல் விட்டு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புகையும் மணமுமாக ஓடியது. என் அப்பாவும் அப்படித்தான் கோண்டாவிலில் ஒரு மைனரை வைத்து ஹயர் ஓடினார்.

அண்ணையின் காரை முன்பு வைத்திருந்தவர் பீற்றர்பரோப் பக்கத்து வெள்ளைக்காரக் கிழவர். நல்ல கைகாரன். முன்பக்க ட்றம் பிறேக்கைக் கழற்றி டிஸ்க் போட்டிருந்தார். பழைய ஒடுங்கல் இரும்புச் சில்லுகளுக்குப் பதிலாக 14 அங்குல அகல அலோய் சில்லுகள், 175/65 ரேடியல் ரயர்கள். எல்லாம் திறம். டிக்கித் தட்டுக்குக் கீழே ஸ்பெயர் சில்லுக்கென்று இருக்கும் தனி அறை மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

செப்ரெம்பரில் ஓக்வில்லின் புறொன்ரி கிறீக் பூங்காவில் பழைய பிரித்தானியக் கார்களெல்லாம் கூடும் நாளொன்று இருக்கிறது. அண்ணைக்கு அங்கே போகவேண்டும். 401இல் ஏறி நகரத்தைக் குறுக்கறுத்து ஓடவேண்டும்.

"ஸ்பெயர் சில்லு இல்லாமல் நான் வெளிக்கிடமாட்டன்" என்றார்.

"சீ.ஏ.ஏ. அட்டை இருக்குத்தானே அண்ணை. அடிச்சால் வந்து இழுத்துக்கொண்டு போவாங்கள்."

"மொறிஸ் மைனரை லொறியில ஏத்திக்கொண்டு வந்தால் உன்ர அக்கா சும்மா விடுவாவோ?"

பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் யாழ் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் பாதி படித்தவன். 2010 ஓகஸ்டில் சன் சீ கப்பலில் வந்திறங்கிய 492 பேரில் ஒருவன். கோப்பை கழுவத் தொடங்கி இப்போது கொத்துத்தட்டுக்கு முன்னால் நிற்கிறேன். மிச்சப் பாதிப் பௌதிகத்தை யாரும் கேட்டதில்லை. படித்த பாதிக்கு முதல்தடவையாக வேலை வந்தது.

மற்ற நாலையும் போல ஐந்தாவதாக ஓர் அலோய் வாங்குவதுதான் நேர்வழி. எந்த மூலையில் காற்றுப் போனாலும் மாற்றலாம். ஆனால் அந்த அறை ஒடுங்கல் ரயருக்கென்று செய்தது. அகலச் சில்லு உள்ளே போக மறுத்தது. டிக்கிக்குள் மேலே வைக்கலாம்தான். அப்படியானால் அண்ணை கொண்டுபோக நினைத்திருந்த சாப்பாட்டுச் சட்டிகளை யார் மடியில் வைப்பது?

இதற்கிடையில் அண்ணை பழைய இரும்புக் கடையில் ஒரு ஜப்பான் காரின் தற்காலிகச் சில்லைப் பிடித்துக்கொண்டு வந்தார். மெல்லியது, பாரமில்லாதது, மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல் ஓடக்கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கும். நாலு துளை. காரிலும் நாலு போல்ட். "பார், பூட்டினமாதிரி இருக்கு" என்றார். மைனரில் அந்த நாலு போல்ட்டும் நிற்கும் வட்டத்தின் விட்டம் 4 அங்குலம், அதாவது 101.6 மில்லிமீற்றர். ஜப்பான் சில்லில் 100. ஒன்றரை மில்லிமீற்றர்ச் சொச்சம். தள்ளினால் ஏறும், நட்டும் இறுகும். ஆனால் சில்லு நடுவில் நிற்காது, போல்ட்டுகள் வளைந்தபடி பாரம் சுமக்கும். பொருந்தாத சில்லு நல்லது, அது பூட்டவே விடாது. பொருந்தினமாதிரி இருக்கிற சில்லுத்தான் ஆளைக் கொல்லும்.

அண்ணைக்கு முகம் விழுந்துவிட்டது. சில்லைக் காலால் உருட்டிச் சுவரோடு சாத்திவிட்டு, திடீரென்று, "உங்கட வீட்டில அப்பாவின்ர சில்லு ஒண்டு கிடக்குதெண்டு சொன்னனியெல்லே? அதை எடுப்பிப்பம். கூலி நான் தாறன். ஊர்ச் சில்லு ஊர்க்காருக்கு" என்றார்.

அந்தச் சில்லின் கதையை அவருக்கு முழுதாகச் சொல்லியிருக்கவில்லை.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டது. எனக்கு எட்டு வயது. அப்பா காரை வாசலுக்குக் கொண்டுவந்தார். அம்மம்மா, நாங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர். டிக்கி நிரம்பிவிட்டது. இன்னும் அரை மூட்டை அரிசி முற்றத்தில் கிடந்தது. அம்மாதான் சொன்னா, சில்லை இறக்கிப்போட்டு அந்த அறைக்குள் அரிசியை வையுங்கோவென்று. அப்பா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சில்லை இழுத்தெடுத்துக் கோடிப்புறத்தில் வைத்தார்.

நாவற்குழிப் பாலத்தைச் சனத்தோடு சனமாக ஊர்ந்து கடந்தோம். மழை. கைதடியில் பின்சில்லுக்குக் காற்றுப் போனது. அந்த இரவில் யாரிடம் சில்லுக் கேட்பது? ஒரு வளவுக்குள் காரைத் தள்ளி விட்டுவிட்டு நடந்தோம். நடக்கமாட்டாத அம்மம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி அப்பா உருட்டினார். மீசாலைக்குப் போய் மூன்றாம் கிழமை அம்மம்மா செத்துப்போனா. நனைந்ததால் வந்த காய்ச்சல் என்றார்கள். அந்த அரிசியை அப்பா மறுநாள் திரும்பிப்போய்த் தோளில் சுமந்து வந்திருந்தார். செத்தவீடு முடிந்தும் அதைத்தான் சாப்பிட்டோம். ஆனபடியால் அம்மா சொன்னது பிழையென்று என்னால் சொல்ல முடியவில்லை. அப்பாவும் ஒருநாளும் சொன்னதில்லை. 1996இல் ஊர் திரும்பியபோது கைதடியில் காரின் கோது மட்டும் நின்றது. வீட்டுக் கோடியில் சில்லு வைத்தபடியே இருந்தது. அப்பா அதை விற்கவுமில்லை, எறியவுமில்லை. 2014இல் அவர் போனார். என் வழக்கு முடியாதிருந்த காலம், நான் போகவில்லை.

அண்ணைக்கு அன்று சொன்னது இவ்வளவும் அல்ல. "அது முப்பது வருசத்துக்கு மேற்பட்ட ரயர் அண்ணை, றப்பர் செத்துப்போயிருக்கும். அதோட அது பழைய குறுக்கிழை ரயர். முன்னுக்கு ரேடியலும் பின்னுக்கு அதுவும் எண்டால் வளைவில பின்பக்கம் இழுத்துக்கொண்டு போயிடும்" என்றேன்.

"ரயரை எறி. றிம்மை மட்டும் எடுப்பம்."

தங்கச்சியிடம் படம் கேட்டேன். அனுப்பினாள். உள்விளிம்பைக் கறள் தின்றிருந்தது. போல்ட் துளைகள் நாலில் இரண்டு முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தன. ஹயர் ஓடின சில்லு. சரிவராது என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் கிடைத்ததில் உள்ளுக்குள் நிம்மதியாக இருந்ததையும் ஒப்புக்கொள்ளவேண்டும். அந்தச் சில்லு 401இல் எனக்குக் கீழே சுற்றுவதை நான் விரும்பவில்லை.

கடைசியில் வேறொரு மைனரின் பழைய இரும்பு றிம் ஒன்றைத் தேடி வாங்கி, புதிதாக 145/80 ரேடியல் போடுவித்தோம். கொத்துறொட்டித் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் கணக்குப் பார்த்தேன். அலோய் சில்லின் விட்டம் 583 மில்லிமீற்றர், இது 588. ஒரு கிலோமீற்றருக்கு ஐந்து சுற்று வித்தியாசம். டிபரன்சல் வீடுமட்டும் தாங்கும். அறைக்குள்ளும் சில்லு வழுக்கிக்கொண்டு போனது.

பூட்டிப் பார்க்காமல் நம்பக்கூடாது என்று ஒரு ஞாயிறு காலை கடை திறக்குமுன் ஜக் அடித்தோம். நல்ல காலம். முன்பக்கத்தில் பூட்டினால் இரும்பு நடுத்தட்டு டிஸ்க் பிறேக்கின் பிடியில் உரசியது. பின்பக்கம் இன்னும் ட்றம்தான். அங்கே சுகமாகச் சுற்றியது. ஆகவே முன்சில்லு போனால், பின்னால் இருக்கும் அலோயைக் கழற்றி முன்னுக்குப் போட்டு, ஸ்பெயரைப் பின்னுக்குப் போடவேண்டும்.

"அப்ப ரெண்டுதரம் ஜக் அடிக்கோணுமோ?"

"ஓம் அண்ணை."

இன்னொரு கள்ளமும் அங்கேதான் பிடிபட்டது. அலோய் தடிப்பென்று கிழவர் நீட்டுப் போல்ட்டும் மூடிய தலை நட்டும் போட்டிருந்தார். மெல்லிய இரும்புச் சில்லில் அந்த நட், சில்லை நெருக்குமுன்னரே போல்ட்டின் நுனியில் முட்டி நின்றுவிடுகிறது. கைக்கு இறுகியது போலவே இருக்கும், சில்லு ஆடும். இரும்புச் சில்லுக்கான திறந்த நட்டுகள் நாலு வாங்கி, துணிப்பையில் கட்டிச் சில்லோடு வைத்தேன். அந்த நட்டுக்கு அளவான சாவியும்.

புறொன்ரி கிறீக் போய்வந்தோம். ஒரு சில்லுக்கும் காற்றுப் போகவில்லை. அக்கா முன்சீற்றில் இருந்து வந்தா, ஒன்றும் பேசவில்லை, ஆனால் படம் எடுத்தா.

பழைய இரும்பு எடுக்கிறவன் வந்து சில்லைக் கேட்கிறான், கொடுக்கவா என்று தங்கச்சி இரண்டுமுறை கேட்டுவிட்டாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அம்மாவைக் கேள் என்றேன். அம்மாவைக் கேட்கத் தேவையில்லையாம். கோடியில் மழை தூறினால் அம்மாதான் எழும்பிப்போய் அதன்மேல் அரிசிச் சாக்குப் போட்டு மூடிவிட்டு வருகிறாவாம்.