தட்டப்படாத கதவு

ஆபிரகாம் லிங்கனைச் சுட்ட ஜான் வில்க்ஸ் பூத்தை அறியாதார் இலர். எனக்கோ, அவனைவிட அவன் பின்னே சென்ற சிறிய மனிதர்கள்பாலே நாட்டம் மிகுதி. பூத் புகழ்பெற்ற நடிகன். உள்நாட்டுப் போரில் தோற்றுக்கொண்டிருந்த தென்மாநிலங்கள்மீது வெறிகொண்ட பற்றுடையவன். அவனுடைய நோக்கம் விளங்குகிறது. மற்றவர்கள் ஏன் சென்றார்கள்?

முதலில் அவர்கள் உடன்பட்டது கொலைக்கன்று. லிங்கனைக் கடத்தி, அவருக்கு ஈடாகச் சிறைப்பட்ட தென்னகப் போர்வீரர்களை மீட்பதே திட்டம். சாமுவேல் ஆர்னல்டும் மைக்கேல் ஓலாக்லினும் பூத்தின் இளமைக்கால நண்பர்கள். டேவிட் ஹெரால்டு மருந்துக்கடையில் வேலை பார்த்தவன். பறவை வேட்டையாடித் திரிந்தவனாதலின் தென் மேரிலாந்தின் வழிகளெல்லாம் அவனுக்கு அத்துப்படி. லூயிஸ் பவல் போரில் காயமுற்ற 20 வயது இளைஞன். அவன் தந்தையோ பாப்திஸ்து சபைப் போதகர். பெயர்பெற்ற நடிகன் ஒருவன் தங்களைச் சமமாய் நடத்துகிறான் என்னும் பெருமை, இவர்களிற் சிலருக்குக் கொள்கையைவிட இனித்தது என்றே எண்ணுகிறேன்.

1865 மார்ச்சில் கடத்தல் முயற்சி பொய்த்தது. ஆர்னல்டு விலகிப்போய் ஒரு கடையில் எழுத்தர் வேலையில் அமர்ந்தான். விலகினானேயன்றி வாய் திறந்தானில்லை.

ஏப்ரல் 14, புனித வெள்ளி. அன்று மாலை பூத் கொலைகளைப் பங்கிட்டான். லிங்கன் தனக்கு, வெளியுறவு அமைச்சர் சீவர்டு பவலுக்கு, துணைக் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன், ஜார்ஜ் அட்சரோட்டுக்கு. பவல் சீவர்டைக் கத்தியாற் குத்தினான், அவர் பிழைத்துக்கொண்டார்.

அட்சரோட்டைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். ஜெர்மனியிற் பிறந்து, மேரிலாந்தில் குதிரை வண்டிகளுக்கு வண்ணம் பூசிப் பிழைத்தவன். போட்டோமாக் ஆற்றில் தென்னகத்தாரை இரவில் அக்கரை சேர்த்ததும் உண்டு. கடத்தலுக்கே இசைந்தேன், கொலைக்கு அல்ல என்று அவன் பின்னர்ச் சொன்னான். அதை நம்புவதில் எனக்குத் தடையில்லை. ஜான்சன் தங்கியிருந்த கிர்க்வுட் விடுதியிலேயே அவனுக்கும் அறை இருந்தது. விடுதியின் மதுக்கூடத்தில் குடித்தான், வெளியேறினான், தெருக்களில் அலைந்தான். கொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. ஆனால், ஜான்சனின் கதவைத் தட்டி, "ஐயா, எச்சரிக்கை!" என்று சொல்லவும் கால் எழவில்லை. கோழை என்று அவனை ஏசுவார்கள். கொலைக்கு அஞ்சிய அச்சத்தை நான் கோழைத்தனம் என்று சொல்லமாட்டேன், மற்றதைச் சொல்வேன்.

விடிந்ததும் தன் கைத்துப்பாக்கியை அடகு வைத்தான். ஆறாம் நாள் உறவினர் பண்ணையில் பிடிபட்டான். ஜூலை 7 அன்று பவல், ஹெரால்டு, விடுதி நடத்திய கத்தோலிக்க விதவை மேரி சுராட் ஆகியோருடன் தூக்கிலிடப்பட்டான். அவ்வம்மையார் எவ்வளவு அறிந்திருந்தார் என்பது இன்றும் வழக்காகவே உள்ளது.

அன்றிரவு ஜான்சனின் கதவு தட்டப்படாமலும் போகவில்லை. நாடக அரங்கில் வெடியோசை கேட்ட விஸ்கான்சின் முன்னாள் ஆளுநர் பார்வெல், யாரும் ஏவாமலே கிர்க்வுட் விடுதிக்கு ஓடிவந்து, உறங்கிக்கொண்டிருந்தவர் எழும்வரை அதைத் தட்டினார்.