கோயம்புத்தூர் தாயியின் மூன்று நிமிடங்கள்

எனக்கும் கர்நாடக சங்கீதத்துக்கும் ஒத்துவராது என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். திருச்சியில் பிறந்து வளர்ந்தவன் நான். காவிரிப் பாலம் தாண்டினால் ஸ்ரீரங்கம். அங்கே அந்த இசை அக்ரகாரத்து வீடுகளுக்குள்ளிருந்து வரும். நாங்கள் வீதியில் நின்று கேட்போம். எங்கள் சேரியில் பறை இருந்தது. அதை யாரும் சங்கீதம் என்று சொன்னதில்லை. சரி, அது அவர்கள் சொத்து, நமக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

போன மாதம் ஒரு தோழர் பழைய கிராமபோன் பதிவு ஒன்றை அனுப்பினார். "இது யாருன்னு தெரியுதா தோழர்?" என்று மட்டும் கேட்டிருந்தார். இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண்குரல். உச்சத்தில் நின்று, கொஞ்சமும் தயங்காமல் பிருகாக்களை உதிர்க்கிற குரல். கோயம்புத்தூர் தாயி.

1872இல் தேவதாசிக் குடும்பத்தில் பிறந்தவர், 1917இல் மறைந்தார். தென்னிந்தியாவில் கிராமபோன் வந்த புதிதில் அந்தக் குழாய் முன்னால் துணிந்து பாடியவர்களில் சேலம் கோதாவரி, தாயி போன்ற தேவதாசிப் பெண்கள் முன்வரிசையில் நின்றார்கள். ராகம், கீர்த்தனை, பதம் எதுவானாலும் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் அளவுதான் இடம். அதற்குள் பாடி முடித்தார்கள்.

அந்தத் தட்டுகள் கடல் கடந்து பாரிஸ் போயின. மோரிஸ் தெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் தாயியின் குரலில் சொக்கிப்போனார். தாயி பாடிய அருட்பா ஒன்றைப் பின்பற்றி 'ராகமாலிகா' என்று ஒரு பியானோ இசையே எழுதினார். அந்த நாதம் வரவேண்டும் என்பதற்காக ஒரு தந்தியின் ஒலியை மழுக்கி வாசிக்கச் சொன்னார்.

அருட்பா என்பதைக் கவனியுங்கள். சாதியும் சமயச் சண்டையும் பொய் என்று பாடிய வள்ளலாரின் பாட்டு. அதைப் பாடியவர், 'தாசி' என்று ஊர் இளக்காரமாகப் பேசிய ஒரு பெண்.

அமெரிக்காவில் மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பெண் 1920இல் ஒரு ப்ளூஸ் பாட்டைப் பதிவு செய்தார். இன்று அவர் இல்லாமல் அந்த நாட்டு இசை வரலாற்றை எழுத முடியாது. நம் சபாக்களில் தாயியின் பெயரை எத்தனை பேர் சொல்கிறார்கள்?

தேவதாசி முறை ஒழிந்தது சரியே. அந்தக் கொடுமையை உள்ளிருந்து பார்த்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போராடிப் பெற்ற விடுதலை அது. 1947 சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெண்களை விடுவிப்பது வேறு, அவர்களுடைய கலையை எடுத்துக்கொண்டு அவர்களை வெளியே தள்ளுவது வேறு. பாட்டு 'கௌரவமான' வீடுகளுக்குப் போனது. படேல் அமைச்சராக இருந்தபோது, தனிவாழ்க்கை சரியில்லை என்று சொல்லி இப்படிப்பட்ட பாடகியருக்கு வானொலிக் கதவும் அடைக்கப்பட்டது.

ஸ்ரீரங்கத்தில் வெள்ளைக் கோபுரம் இருக்கிறது. படையெடுப்புக் காலத்தில் வெள்ளையம்மாள் என்ற தாசி எதிரித் தளபதியை அதன் மேலிருந்து தள்ளிவிட்டுத் தானும் குதித்து உயிர்விட்டாள், அவள் நினைவாகத்தான் அந்த வெள்ளை என்று சொல்வார்கள். கோயிலுக்காகச் செத்தவளுக்குக் கோபுரம். பாடி வாழ்ந்தவர்களுக்கு?

தாயி தலித் அல்ல. அவரை நம்மவர் என்று உரிமை கொண்டாட நான் வரவில்லை. அவர் பட்ட இழிவும் நம் இழிவும் ஒன்றல்ல. ஆனாலும் அந்த மூன்று நிமிடம் எனக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுத்தது. அந்த இசை அக்ரகாரத்தின் சொத்து என்று அவர்கள் சொன்னார்கள். நானும் நம்பி எழுதிக்கொடுத்துவிட்டேன். பறையை மீட்க இவ்வளவு பேசுகிற நாம், இந்தப் பொய்யையும் திருப்பிக் கேட்க வேண்டாமா?

அந்தப் பதிவை அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். முடிந்ததும், "இன்னொருவாட்டி போடுப்பா" என்றார்.