தாத்தாவுக்குப் படம் சொன்ன கதை

ஞாயிற்றுக்கிழமை என்றதும் என் தோழியருக்குக் காலைப் பூசையும், மறைக்கல்வி வகுப்பும், மதியம் வீட்டில் மணக்கும் குழம்பும் நினைவுக்கு வரலாம். எனக்கோ மாலை ஐந்து மணிதான் முதலில் நினைவுக்கு வரும். அந்நேரம் என் தாத்தா வெள்ளைச் சட்டை அணிந்து, தலையைப் படிய வாரி, குடையும் கையுமாக வாசற்படியில் நின்று, "பாப்பா, பெல் அடிச்சாச்சு, கிளம்பு!" என்று குரல் கொடுப்பார். எங்கும் எந்த மணியும் அடித்திராது. டூரிங் டாக்கீசிலும் பின்னர் நகரத்துத் திரையரங்கிலுமாக நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆபரேட்டராக இருந்தவர் அல்லவா? அந்த மணி அவர் காதில் இன்றும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

நாங்கள் செல்வது எங்கள் திருச்சிராப்பள்ளியில் வாரந்தோறும் கூடும் ஒரு திரைப்படக் கழகத்துக்கு. பாலக்கரையில் டவுன் பஸ் ஏறிச் சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கினால், சிறிது தூரத்தில் ஒரு கட்டடத்தின் மாடியில் அதன் கூடம் இருக்கிறது. சன்னல் வழியே மலைக்கோட்டை தெரியும். நாற்பது நாற்காலிகள், சுவரில் ஒரு வெள்ளைத் திரை, வாசலில் விருப்பப்பட்டதைப் போட ஒரு தகரப் பெட்டி. இவ்வளவுதான் கழகத்தின் சொத்து! வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் அதை நடத்துகிறார். கல்லூரி மாணவர்கள், தையற்காரர் ஒருவர், லாரி புக்கிங் ஆபீஸ் கணக்கர் ஒருவர் எனப் பலதரப்பட்டோர் வருவார்கள். படம் முடிந்ததும் இஞ்சித் தேநீர் அருந்திக்கொண்டே எல்லாரும் அதைப் பற்றிப் பேசுவார்கள்.

இத்தகைய கழகங்கள் நம் நாட்டுக்குப் புதியவை அல்ல. நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டிலேயே சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களுடன் சேர்ந்து கல்கத்தா திரைப்படக் கழகத்தைத் தொடங்கினார்கள். 1959-இல் இந்தியத் திரைப்படக் கழகங்களின் கூட்டமைப்பு உருவானபோது ராயே அதன் தலைவரானார். நம் திருச்சிக்கும் திரைப்படத்துக்கும் உள்ள உறவோ இன்னும் பழையது. இங்கே இரயில்வேயில் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். "அவர்தான் எங்க ஆபரேட்டர் குலத்துக்கு ஆதாம்!" என்று தாத்தா பெருமையாகச் சொல்வார்.

அப்படிப்பட்ட தாத்தாவின் கண்களுக்குத்தான் சோதனை வந்தது. கண்ணில் அழுத்தம் மிகுந்து பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய் என்று மருத்துவர் சொன்னார். ஓரங்களில் தொடங்கிப் பார்வை மெல்ல மெல்லக் குறுகிக்கொண்டே வருமாம். போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் தினமும் சொட்டு மருந்து. தாத்தா இப்போது உலகத்தை ஒரு குழாய் வழியே பார்ப்பது போலப் பார்க்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் சாலைத் திருப்பத்தில் ஓர் ஆட்டோ அவரை உரசிச் சென்றது. மறுவாரமே அப்பா தாத்தாவின் சைக்கிளை விற்றுவிட்டார். ஒரே படத்தை இரண்டு கொட்டகைகளில் ஓட்டிய காலத்தில், ஓடி முடிந்த ரீல்களை அடுத்த கொட்டகைக்குச் சுமந்து சென்ற சைக்கிள் அது. அன்றிரவு தாத்தா சாப்பிடவில்லை.

அந்த வருத்தத்தைப் போக்கத்தான் இந்த ஞாயிறு மாலைப் பயணம் தொடங்கியது. தாத்தாவைத் தனியே அனுப்ப முடியாது. என்னை அனுப்ப அம்மாவுக்கு மனமில்லை. "பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வாரா வாரம் சினிமாவா?" என்று கோபித்துக்கொண்டார். எங்கள் தலைமையாசிரியை சிஸ்டரிடம் முறையிடவும் செய்தார். சிஸ்டரோ புன்னகையுடன், திரைப்படம் பிறந்து நூறாண்டு நிறைந்ததையொட்டி 1995-இல் வத்திக்கான் 45 நல்ல படங்களின் பட்டியலை வெளியிட்டதை எடுத்துச் சொன்னார்கள். "எந்தப் படம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பாடம் பின்தங்கக்கூடாது" என்ற நிபந்தனையுடன் எனக்கு விடுதலை கிடைத்தது!

முதல் வாரம் மஜித் மஜிதி என்ற ஈரானிய இயக்குநரின் 'சொர்க்கத்தின் குழந்தைகள்' (1997). தங்கையின் காலணியைத் தொலைத்துவிட்ட அண்ணன், தன் ஒரே சோடிக் காலணியை அவளுடன் மாற்றி மாற்றி அணிந்து பள்ளிக்கு ஓடும் கதை. பேச்சு பாரசீக மொழி. கீழே ஆங்கில எழுத்துகள். அவற்றைத் தாத்தாவால் பார்க்கவும் முடியாது, படிக்கவும் தெரியாது. ஆகவே பிறருக்கு இடையூறு இல்லாமல் கடைசி வரிசையில் அமர்ந்து, நான் ஒவ்வொரு வரியையும் தமிழாக்கி அவர் காதில் சொன்னேன். எழுத்தை மட்டும் சொன்னால் போதாது என்பது விரைவில் புரிந்தது. திரையில் ஒரு மூலையைத் தாத்தாவின் பார்வை பிடிப்பதற்குள் காட்சி மாறிவிடும். "யாரு ஓடுறா? எந்தப் பக்கம்?" என்பார். அதையும் சொன்னேன். முன் வரிசையிலிருந்து ஓரிருவர் "உஷ்!" என்று திரும்பினார்கள். அடுத்த வாரமே அமைப்பாளர் எங்களுக்காகக் கடைசி வரிசைக்கும் பின்னால், சுவரோரம், இரண்டு நாற்காலிகளைத் தனியே போட்டுவைத்திருந்தார்.

வாரங்கள் ஓடின. என் ஆங்கிலம் வளர்ந்தது. தாத்தாவின் உற்சாகமும் வளர்ந்தது. அப்போதுதான் இத்தாலியப் படமான 'சைக்கிள் திருடர்கள்' வந்தது. 1948-இல் விட்டோரியோ டி சிக்கா எடுத்த படம். போருக்குப் பின் வேலையின்றித் தவிக்கும் ஓர் ஏழைத் தந்தைக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. அதற்குச் சைக்கிள் வேண்டும். படுக்கை விரிப்புகளை அடகு வைத்துச் சைக்கிளை மீட்கிறார்கள். வேலைக்குச் சென்ற முதல் நாளே அது திருடு போகிறது. தந்தையும் சிறுவனான மகனும் ரோம் நகரமெங்கும் அதைத் தேடி அலைகிறார்கள்.

தாத்தா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "கிடைச்சுதா? பாப்பா, கிடைச்சுதா?" என்று என் கையைப் பற்றிக்கொண்டு கேட்டார். எனக்கு விற்றுப்போன எங்கள் வீட்டுச் சைக்கிள் நினைவுக்கு வந்தது. திரையில் அந்தத் தந்தை பொறுக்க முடியாமல், கதவோரம் நின்ற வேறொருவரின் சைக்கிளைத் திருடிக்கொண்டு ஓடுகிறார். ஊரே துரத்திப் பிடிக்கிறது; அடிக்கிறது. மகன் அதைப் பார்த்து அழுகிறான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "கிடைத்துவிட்டது தாத்தா, அவருடைய சைக்கிள்தான்!" என்றேன். "ஏன் இப்படிக் கத்துறாங்க?" என்றார். "எல்லாருக்கும் சந்தோஷம் தாத்தா" என்றேன். தாத்தா நிம்மதியுடன் சாய்ந்து உட்கார்ந்தார். நல்லதுதானே செய்தோம் என்று நானும் மகிழ்ந்தேன்.

விளக்கு எரிந்தது, தேநீர் வந்தது. ஒரு கல்லூரி மாணவர் எழுந்து, "அந்தத் தந்தையே திருடனாகிப் பிடிபடும் கடைசிக் காட்சியை என்னால் தாங்க முடியவில்லை" என்று பேசத் தொடங்கினார். பிறகு அமைப்பாளர், 1950-இல் இலண்டனில் இப்படத்தைப் பார்த்த ராய், இதைப் போலத்தான் 'பதேர் பாஞ்சாலி'யை எடுக்க வேண்டும் என்று உறுதி கொண்டதையும், அது 1955-இல் வெளிவந்ததையும் விளக்கினார். என் செவியில் எதுவும் ஏறவில்லை. தாத்தாவின் முகத்தைப் பார்க்கவே எனக்கு அச்சமாக இருந்தது. அவரோ தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "போகலாம் பாப்பா" என்றார்.

பேருந்து நிலையம் வரை இருவரும் பேசவில்லை. பிறகு தாத்தாவே மெல்லச் சொன்னார்: "ஒரு ரீலை முழுங்கிட்டியே, பாப்பா."

நான் அழுதுவிட்டேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. தன் கதையைச் சொன்னார். இலால்குடிப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில் அவர் வேலை பார்த்த இளவயது. இரவு இரண்டாம் ஆட்டம். இன்ஜினுக்கு டீசல் போதாது, ஒரு ரீலைத் தள்ளிவிட்டு ஓட்டு என்று முதலாளி உத்தரவிட்டாராம். ஆயிரம் அடி கொண்ட ஒரு ரீல் ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும். நொடிக்கு 24 படங்கள் விளக்கின் முன் நின்று நகரும். அந்த 11 நிமிடத்தைத்தான் தாத்தா விட்டுவிட்டு ஓட்டினார். மறுநாள் காலை ஒரு மூதாட்டி நான்கு மைல் நடந்து கொட்டகைக்கு வந்து, "தம்பி, படத்தில் காணாமற்போன அந்தப் பிள்ளை தாயிடம் வந்து சேர்ந்ததா இல்லையா? இராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை" என்று கேட்டாராம். பிள்ளை வந்து சேரும் காட்சி, ஓட்டாத அந்த ரீலில்தான் இருந்தது!

"நீங்கள் என்ன சொன்னீர்கள் தாத்தா?"

"வந்து சேர்ந்துட்டான்னு வாயால சொன்னேன். அந்தம்மா நம்பலை. ராத்திரி கூட்டிட்டுப் போய் மணல்ல உக்கார வச்சு முழுசா ஓட்டிக் காட்டினேன். அப்பத்தான் அவங்க முகம் தெளிஞ்சுது. பாப்பா, அழுகை வருதோ சிரிப்பு வருதோ, அது பாக்கறவன் பாடு. ரீலை வெட்ட ஆபரேட்டருக்கு அதிகாரம் கிடையாது. என் கண்ணு போனா இனி நீதான் எனக்கு ஆபரேட்டர்."

எங்கள் பேருந்து வந்தது, போயிற்று. பேருந்து நிலையத்தின் இரைச்சலுக்கிடையே நான் அந்தக் கடைசி ரீலை முதலிலிருந்து சொன்னேன். திருடியதைச் சொன்னேன், அடி விழுந்ததைச் சொன்னேன், அழும் சிறுவனைப் பார்த்துச் சைக்கிளின் சொந்தக்காரர் அந்தத் தந்தையை மன்னித்து விட்டுவிட்டதைச் சொன்னேன், தலைகுனிந்து நடக்கும் தந்தையின் கையை மகன் பற்றிக்கொண்டதையும் சொன்னேன். தாத்தா குடையை ஊன்றியபடி அசையாமல் கேட்டார். "நல்ல பையன்" என்றார். சற்று நேரம் கழித்து, "நல்ல படம்" என்றார். அவர் துயரத்தைத் தாங்கமாட்டார் என்று எண்ணியவள் நான்தான். அவருக்குத் தாங்கும் வலிமை இருந்தது. எனக்குத்தான் சொல்லும் துணிவு இல்லாமற்போயிற்று.

இவ்வாண்டின் இன்னொரு ஞாயிற்றையும் நான் மறக்க முடியாது. அன்று டென்மார்க் நாட்டு இயக்குநர் கார்ல் டிரையர் 1928-இல் எடுத்த 'ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள்' என்னும் ஊமைப்படம். 1431-இல் தீயிலிடப்பட்டு, 1920-இல் புனிதையாக உயர்த்தப்பட்ட அந்தப் பிரெஞ்சுக் கன்னியின் விசாரணைக் கதை. இதன் மூலப்பிரதி தீயில் அழிந்துபோனதாம். வெட்டுப்பட்ட பிரதிகளையே உலகம் நெடுங்காலம் பார்த்துவந்ததாம். 1981-இல் நார்வே நாட்டு மனநல மருத்துவமனை ஒன்றில் முழுப் பிரதியும் கிடைத்ததாம். இதை அமைப்பாளர் சொன்னதும் தாத்தா என் காதில், "பாத்தியா, வெட்டாத பெட்டி எங்கேயாவது ஒரு மூலையில பத்திரமா இருக்கும்!" என்றார்.

அன்று எனக்குக் கவலையாக இருந்தது. பேச்சே இல்லாத படத்தை எப்படிச் சொல்வது? படம் தொடங்கியது. திரை நிறைய முகங்கள்! விசாரிப்பவர்களின் முகங்கள், அவர்கள் நடுவே ஜோனின் முகம். நான் வாயைத் திறந்தேன். தாத்தா என் கையை அழுத்தி, "வேண்டாம் பாப்பா. இது எனக்குத் தெரியுது" என்றார்.

ஆம்! ஓடாமல், ஒளியாமல், நடுத்திரையில் நின்ற அந்தப் பெரிய முகம் தாத்தாவின் குறுகிய குழாய்க்குள் வந்து நின்றுவிட்டது. இடையிடையே வந்த எழுத்து அட்டைகளை மட்டும் படித்துச் சொல்லிவிட்டு நான் பேசாமல் இருந்தேன். பல வாரங்களுக்குப் பின் தாத்தா தம் கண்களாலேயே ஒரு படம் பார்த்தார். ஜோனின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தபோது, "அழறா" என்று அவர் எனக்குச் சொன்னார்.

தோழியரே, அரசுப் பொதுத்தேர்வு நெருங்குவதால் சில வாரங்களுக்கு எங்கள் பயணம் நின்றிருக்கும். தேர்வு முடிந்த முதல் ஞாயிறு மீண்டும் தொடங்கும் என்று தாத்தாவுக்கு வாக்களித்திருக்கிறேன். அதற்குள் அந்தக் குழாய் இன்னும் எவ்வளவு குறுகும் என்பதை இறைவனே அறிவார். நாள்தோறும் செபமாலையில் ஒரு பத்து மணியை அவர் கண்களுக்காக ஒப்புக்கொடுக்கிறேன். பார்வை நிலைத்தால் இறைவனுக்கு நன்றி. நிலைக்காவிட்டாலும் சுவரோரம் அந்த இரண்டு நாற்காலிகள் இருக்கும். அங்கே அமர்ந்து, அழுகையானாலும் சிரிப்பானாலும், ஒரு ரீலையும் விழுங்காமல் என் தாத்தாவுக்கு முழுப் படத்தையும் சொல்வேன்.